பினாங்குக் கடலோரத்தில் வாடகை வீடு எடுக்கும்போது பார்க்க வேண்டியவை

பினாங்கில் கடலுக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வீடு பார்க்கப் போகிறார்கள். வெயில் இறங்கியிருக்கும், காற்று இதமாக வீசும். தண்ணீர் கரை நிறைய நின்றால் அங்கேயே முன்பணத்தைக் கொடுத்துவிடத் தோன்றும். அன்றைக்குக் கொடுக்க வேண்டாம். இந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் ஏமாறுவது வாடகையில் இல்லை, வைப்புத்தொகையில். கடலின் உப்பு கம்பியையும் குளிர்சாதனத்தையும் சுவரையும் நாள்தோறும் தின்கிறது. நீங்கள் காலி செய்யும் நாளில் அந்தத் துருவெல்லாம் உங்கள் கணக்கில் எழுதப்படும். அதனால் உப்பு எங்கே வேலை செய்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு அந்தத் தேய்மானம் யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இந்த இரண்டையும் பற்றியதுதான்.

எந்தக் கரை

வடகரையில் தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் என்று வரிசையாக வரும். பழைய அடுக்குமாடிகள் நிறைய உண்டு. ஜார்ஜ்டவுன் படகுத்துறையிலிருந்து 101 எண் பேருந்து தெலுக் பஹாங் வரை போகிறது. ஆனால் பத்து ஃபெரிங்கியைத் தாண்டிப் போவதற்குக் கடலை ஒட்டி வளைந்து போகும் ஒரே சாலைதான். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ பாலிக் பூலாவ் வழியாக மலையைச் சுற்றித்தான் வர வேண்டும். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தச் சாலையில் ஒரு முறை காரோட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெலுக் பஹாங்கில் வீடு எடுப்பவர்களுக்கு இன்னொன்று: சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்தின் மாசி மகத்தன்று ஊரே நிரம்பி வழியும். நம்மவர்களுக்கு அது ஒரு கொடுப்பினை. அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்கும் வேலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தென்கரையில் பத்து மாவுங், தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கும், பாயான் லெப்பாஸ் அல்லது சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளைப் போடுகிறவர்களுக்கும் இதுதான் வசதி. சிலிக்கான் தீவு என்னும் செயற்கைத் தீவுக்காகக் கடலைத் தூர்க்கும் வேலை 2023-இல் இந்தக் கரைக்கு எதிரே தொடங்கியது. சன்னலில் இன்று தெரியும் கடல் நாளைக்கும் அப்படியே தெரியும் என்று எண்ணி வாடகையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். காட்சிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அந்தத் திசையில் தூர்ப்பு வேலை திட்டமிடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வடகரையில் தஞ்சோங் தோக்கோங், கர்னி பக்கத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

மேற்கே பூலாவ் பெத்தோங்கும் கோலா சுங்கை பினாங்கும் உண்மையிலேயே அமைதியான இடங்கள். அங்கே வாடகை வீடு இணையத்தில் அபூர்வமாகத்தான் வரும். காப்பிக் கடையிலும் மளிகைக் கடையிலும் விசாரித்தால்தான் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து மோதிய கரை இது. வீடு கடலிலிருந்து எத்தனை தூரம், மேட்டுக்குப் போகும் பாதை எது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது.

பெருநிலத்தில் பாகான் ஆஜாமும் தெலுக் ஆயிர் தாவாரும் இருக்கின்றன. அதே வசதிக்குத் தீவை விட வாடகை பொதுவாகக் குறைவு. கடலோரமும் வேண்டும், தமிழர் அக்கம்பக்கமும் வேண்டும், தீவில் வேலை என்றால் பாகான் டாலாம் பக்கம் பாருங்கள். படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது. அமைதி மட்டும் அங்கே கொஞ்சம் குறைவுதான்.

நிலம் யாருடையது

மீனவக் கம்பங்களில் (கிராமங்களில்) வீடு பார்க்கும்போது இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். கரையோர வீடுகள் பலவும் அரசு நிலத்தில் தற்காலிக உரிமத்தில் நிற்பவை. ஊரில் டி.ஓ.எல். நிலம் என்பார்கள். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டு முடிவோடு காலாவதியாகும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நீங்கள் போடும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தின் பலம், வீட்டுக்காரரின் அந்த ஓராண்டு உரிமத்தை நம்பித்தான் இருக்கிறது. உரிமம் போனால் உங்களுக்கு ஈடு கேட்க வழியில்லாமல் போகலாம். அந்த வீட்டை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மாதாமாத வாடகைக்கு, ஒரு மாத வைப்புத்தொகைக்கு மேல் கொடுக்காமல், சொந்தச் செலவில் எதுவும் கட்டாமல் எடுங்கள்.

பட்டா வீடு என்றால் வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். தீவில் அது பினாங்கு மாநகராட்சியின் ரசீது, பெருநிலத்தில் செபராங் பிறை மாநகராட்சியுடையது. ரசீதில் உள்ள பெயரும், அடையாள அட்டையில் உள்ள பெயரும், நீங்கள் பணம் போடப் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணன் வீடு, மாமனார் வீடு என்றால் அதிகாரம் கொடுத்த கடிதம் வேண்டும். சந்தேகம் தீரவில்லையா, நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பட்டாவின் பதிவைத் தேடிப் பார்க்கலாம்.

வீட்டை எப்போது பார்ப்பது

வீட்டில் மாட்டியிருக்கும் தேதித்தாள் காலண்டரை எடுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ கடல் மிக உயரமாக ஏறும், மிகக் கீழேயும் வற்றும். பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். ஜூப்பெம் எனப்படும் அளவை, நிலப்பட இலாகா ஆண்டுதோறும் ஏற்ற, வற்று நேரங்களின் அட்டவணையை வெளியிடுகிறது. கைப்பேசியிலும் அந்த நேரங்களைப் பார்க்கலாம்.

உச்ச ஏற்றத்தின்போது ஒரு முறை போய் வீட்டைப் பார்க்காமல் சாக்கடையைப் பாருங்கள். கரையோர வடிகால்கள் கடலில்தான் போய் விழுகின்றன. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பெரிய மழை பெய்தால் வடிகால் நீர் வெளியே போக வழியில்லாமல் தெருவில் ஏறும். மழையே இல்லாத நாளில், ஏற்றத்தின்போது வாசல் வடிகாலில் நீர்மட்டம் விளிம்புக்கு ஒரு சாணுக்குள் நின்றால் அந்தத் தரைவீட்டை விட்டுவிடுங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் பினாங்கு மூழ்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நாளைச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேளுங்கள்: “அப்போது தண்ணீர் எது வரைக்கும் வந்தது?” வீட்டுக்காரர் மறந்திருப்பார், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மறந்திருக்காது. வாய்விட்டுக் கேட்க முடியாவிட்டால் கண்ணால் பாருங்கள். தெருவில் உள்ள வீடுகளில் குளிர்ப்பெட்டியும் சலவை இயந்திரமும் கல்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றனவா? மின்செருகிகள் வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கின்றனவா? கேட்டின் அடிப்பாகம் மட்டும் புதிதாகப் பற்றவைத்திருக்கிறதா? அந்தத் தெருவில் தண்ணீர் வருகிறது.

இதே ஏற்ற நேரத்தில் கழிவறையில் தண்ணீரை இழுத்து விடுங்கள். கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் பொதுக் குழாயில் சேராத தனி வீடுகளில் மலத்தொட்டி மண்ணுக்கடியில் இருக்கும். கடல் ஏறும்போது நிலத்தடி நீரும் ஏறி, தொட்டியிலிருந்து வெளியேற வேண்டிய நீர் தேங்கிவிடும். தண்ணீர் மெதுவாக இறங்கினாலோ, குளியலறைத் தரைத்துளையில் குமிழி விட்டுச் சத்தம் வந்தாலோ, அமாவாசைதோறும் இந்தத் தொல்லை உங்களுக்கு உண்டு.

கடல் வற்றிய பிறகு இன்னொரு முறை போங்கள். வற்றும்போது சேறு திறக்கும், நாற்றம் வரும். சதுப்பு மரங்கள் பக்கத்தில் இருந்தால் அகாஸ் என்கிற பொடி ஈக்கள் விடிகாலையிலும் மாலையிலும் கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் துளை வழியாகவே உள்ளே வரும் அளவுக்குச் சிறியவை அவை. மூன்றாவது முறை விடியலுக்கு முன் போங்கள். மீன்பிடிப் படகுகளின் இயந்திரச் சத்தம், மீன் இறக்கும் இடத்து லாரி, பின்புறத்தில் மீன் காயவைக்கிறார்களா, பெலாச்சான் (இறால் விழுது) செய்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அமைதிக்காக வீடு தேடுகிறவர் இந்த ஒரு விடியற்காலையைச் செலவழித்தே ஆக வேண்டும்.

உப்பு எங்கே தின்றிருக்கிறது

கையில் ஒரு ஈர வெள்ளைத்துணி, ஒரு சாவி, ஒரு டார்ச் லைட். இவை போதும்.

பால்கனியில் நின்று மேலே பாருங்கள். கூரையின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கோடு, நீளமான வெடிப்பு, வீங்கிய பூச்சு இருந்தால் சாவியின் பின்புறத்தால் தட்டுங்கள். உள்ளே காலியாக ஒலித்தால் காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. உப்புக்காற்று காங்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது, கம்பி துருப்பிடித்துப் பருமன் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் காங்கிரீட் உடைகிறது. மேலே வெள்ளையடித்து மறைப்பது வழக்கம். புது வெள்ளை ஒரு திட்டாக மட்டும் இருந்தால் அந்த இடத்தைத்தான் தட்ட வேண்டும். இது வாடகைக்காரர் சரி செய்யும் வேலையே இல்லை. துண்டு விழுந்தால் ஆளைக் காயப்படுத்தும். குழந்தை விளையாடும் பால்கனியில் இப்படி இருந்தால் வேறு வீடு பாருங்கள்.

பிறகு குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி. அதன் பின்பக்கத்து அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டால் பொடியாக உதிர்கிறதா? வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா? தாங்கும் இரும்புக் கோணத்தில் துரு அடுக்கடுக்காக உரிகிறதா? தகடு உதிர்ந்த பெட்டி குளிர்விக்கத் தவித்து மின்சாரத்தைத் தின்னும். செப்புக்குழாயில் ஊசித்துளை விழுந்தால் வாயு ஒழுகிவிடும். வாயுவை மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் மறுபடியும் காலி. பார்க்கப் போகும்போது குளிர்சாதனத்தை இருபது நிமிடமாவது ஓடவிட்டு, அறை குளிர்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.

சன்னல் கம்பிகளின் கீழ்முனை, கதவுக் கீல்கள், பூட்டு, அலுமினியக் கதவு ஓடும் தடம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணி துருநிறமாக வந்தால் படம் எடுங்கள். கம்பிச் சட்டம் திறக்கக்கூடியது என்றால் அதன் பூட்டு திறக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். துருவேறித் திறக்காத கம்பி தீ விபத்தின்போது ஆளை உள்ளே அடைத்துவிடும். மின்சாரப் பெட்டியில் ‘T’ என்று எழுதிய சிறு பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். அப்படி ஆகாவிட்டால், குடி வருவதற்கு முன் வீட்டுக்காரர் அதை மாற்றித் தர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேற்குப் பார்த்த சன்னலின் கீழ்ச்சுவரில் ஊறல் கறை இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் சுமத்ராப் புயற்காற்று மழையைக் கிடைமட்டமாக அடிக்கும். சன்னல் ஓரத்து ரப்பர் இறுகிப்போன வீடுகளில் தரை நனைந்துவிடும். மேல்மாடியிலிருந்து கூரை ஒழுகினால் அது வேறு கணக்கு. அடுக்குமாடிச் சட்டத்தின் கீழ் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்தால் ஏழு நாளுக்குள் வந்து பார்வையிட வேண்டும். மேல்வீட்டிலிருந்துதான் ஒழுகுகிறது என்பதே முதல் ஊகமாக எடுத்துக்கொள்ளப்படும்.

எவ்வளவு பணம் கையில் வேண்டும்

மலேசியாவில் வழக்கம் இப்படி: இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, அரை மாத வாடகை மின்சார, தண்ணீர் வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை. மாத வாடகை 1,400 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 2,800, 700, 1,400. ஆக மொத்தம் 4,900 வெள்ளி. வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முதல் பணம் இந்த 4,900-க்குள் கழிய வேண்டும். தனியாக இன்னொன்று இல்லை. ரசீதில் அதை எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரர் மறுத்தால் பணம் திரும்ப வரும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

முகவர் வழியாக வந்தால் அவருடைய அட்டையில் உள்ள பதிவு எண்ணை மதிப்பீட்டாளர், வீட்டு முகவர் வாரியத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். முகவர் நிறுவனத்துக்காக வீடு காட்டிப் பேரம் பேசுகிறவரின் அட்டை சிவப்பாக இருக்கும். பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடாதீர்கள், நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே போடுங்கள். முகவரை வீட்டுக்காரர் அமர்த்தியிருந்தால் கமிஷன் வீட்டுக்காரர் பொறுப்பு.

வீட்டைக் காட்டாமல் முன்பணம் கேட்டாலே அது மோசடி. கடலோர வீடுகளில் இது அதிகம் நடக்கக் காரணம், கடல் தெரியும் படமும் குறைந்த வாடகையும் சேர்ந்தால் ஆள் அவசரப்படுவதுதான். வங்கி எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான தேசிய எண் 997-ஐ அழையுங்கள். நேரம் தாழ்ந்தால் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு போய்விடும்.

இன்னொரு சங்கடத்தையும் நேராகச் சொல்ல வேண்டும். இந்த இனத்தவருக்கு மட்டும் என்று போட்ட விளம்பரங்களை நம்மவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வீட்டு வாடகையில் இதைத் தடுக்கும் தனிச்சட்டம் நாட்டில் இல்லை. இது அநியாயம், மாற வேண்டியது. அதுவரை உங்கள் நேரத்தையும் பெட்ரோலையும் காப்பாற்ற, முதல் அழைப்பிலேயே பெயரைச் சொல்லி, “தமிழ்க் குடும்பம், நான்கு பேர், பார்க்க வரலாமா?” என்று கேட்டுவிடுங்கள். தயங்குகிற வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், கடன் அறிக்கை, முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே கோப்பாக அனுப்பினால் மனம் மாறுகிறவர்களும் உண்டு. சாமி மேடை வைக்கலாமா, அதற்குச் சுவரில் துளை போடலாமா, சாம்பிராணிப் புகை சம்மதமா என்பதையும் அப்போதே கேளுங்கள். குடிவந்த பிறகு இதுதான் மனக்கசப்பாகும்.

ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டியவை

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச்சட்டம் இன்னும் வரவில்லை. அதனால் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே சட்டம் என்பது பெரும்பாலும் அந்த ஒப்பந்தத் தாள்தான். கடையில் வாங்கும் மாதிரித் தாளில் கடலோரத்துக்கு எதுவும் இருக்காது. கீழே உள்ளதை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்:

“கடற்காற்றாலும் ஈரத்தாலும் இரும்பு, அலுமினியம், கீல், பூட்டு, குளிர்சாதன வெளிப்பெட்டி, சுவர்ப்பூச்சு ஆகியவற்றில் ஏற்படும் துரு, அரிப்பு, உரிதல் இயல்பான தேய்மானமாகக் கருதப்படும். வைப்புத்தொகையில் இதற்காகக் கழிவு இல்லை. குளிர்சாதனத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்து ரசீது வைப்பது வாடகைக்காரர் பொறுப்பு. வாயு ஒழுகல், குழாய் அரிப்பு, பெட்டி மாற்றம் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு.”

பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் சுத்தம் செய்யும் கடமை உங்கள் தலையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரேயடியாக மறுக்கிற வீட்டுக்காரர், காலி செய்யும் நாளில் எப்படி நடந்துகொள்வார் என்பதை இப்போதே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிறு பழுதுக்கு ஒரு தொகை வரம்பு வையுங்கள், உதாரணமாக 200 வெள்ளிக்குள் உங்களுடையது, மேலே போனால் முழுவதும் வீட்டுக்காரருடையது. வெள்ளத்தால் குடியிருக்க முடியாத நாட்களுக்கு வாடகை இல்லை என்று ஒரு வரி. வேலை மாற்றம் வந்தால் இரண்டு மாத அறிவிப்போடு விலகலாம் என்று ஒரு வரி. வைப்புத்தொகை காலி செய்த 14 நாளுக்குள் திரும்பும், கழித்தால் ரசீதோடு கழிக்க வேண்டும் என்று ஒரு வரி. வீட்டு வரி, நில வரி, அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவை வீட்டுக்காரருடையவை என்று ஒரு வரி.

இரண்டு ஆண்டு ஒப்பந்தமா, ஓராண்டு போட்டு இன்னும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமையா என்று கேட்டால், கடலோரத்துக்கு இரண்டாவதே நல்லது. ஒரு மழைக்காலம் கழித்துத்தான் வீட்டின் குணம் தெரியும். நீட்டிக்கும்போது வாடகை எவ்வளவு கூடலாம் என்ற உச்சவரம்பை இப்போதே எழுதிவிடுங்கள். முத்திரை வரியிலும் இது சிக்கனம். ஓராண்டு வரை ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை ஒவ்வொரு 250-க்கும் 3 வெள்ளி. 1,400 வெள்ளி வாடகைக்கு ஆண்டுக்கு 16,800. 250-ஆல் வகுத்தால் 67.2, மீதியையும் ஒன்றாகக் கணக்கிட்டு 68. ஓராண்டுக்கு 68 வெள்ளி, இரண்டாண்டுக்கு 204 வெள்ளி. கூடுதல் நகலுக்கு 10 வெள்ளி. முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரி 1 முதல் இல்லை. பழைய கணக்கைச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கையெழுத்திட்ட 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் முத்திரையிட வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் 50 வெள்ளி அல்லது வரியில் 10 விழுக்காடு, அதற்கு மேல் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு, எது அதிகமோ அது அபராதம். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. வீட்டுக்காரர் “பார்த்துக்கலாம்” என்றால் 68 வெள்ளியை நீங்களே கட்டிவிடுங்கள். வரி வாடகைக்காரர் கட்டுவதுதான் வழக்கமும்.

சாவி வாங்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். கதவிலிருந்து தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றி, நிறுத்தாமல் ஒரே காணொளி எடுங்கள். ஒவ்வொரு துருவையும் நெருக்கத்தில் தனிப்படமாக எடுங்கள். தெனாகா (மின்சார) மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்கள் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதி அதிலேயே பதிவாகிவிடும். பொருள்பட்டியலை அச்சிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். முதல் 14 நாளில் கண்டுபிடிக்கும் குறைகளையும் அதே பட்டியலில் சேர்க்கலாம் என்று பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் மழையில்தான் ஒழுகல் தெரியும்.

மின்சாரக் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவதா என்பது வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்வது. மாற்றாவிட்டால் பழைய பாக்கி இல்லை என்பதற்கு மின்சாரம், தண்ணீர், இண்டா வாட்டர் மூன்றின் கடைசி ரசீதையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரரின் தீக்காப்புறுதி கட்டடத்துக்கு மட்டும்தான், உங்கள் பொருள்களுக்கு இல்லை. கார் காப்புறுதியிலும் வெள்ளச் சேதம் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. தரைவீட்டுக்குப் போகிறவர்கள் இதைச் சேர்க்காமல் இருக்க வேண்டாம்.

குடியேறிய பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. மாதம் ஒரு முறை குளிர்சாதன வெளிப்பெட்டியின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லிய பீய்ச்சலில் விட்டு உப்பைக் கழுவுங்கள். எட்டாத உயரத்தில் இருந்தால் சர்வீஸ்காரரிடம் விடுங்கள், சன்னலுக்கு வெளியே சாயாதீர்கள். கீல்களுக்கும் பூட்டுகளுக்கும் எண்ணெய், சன்னல் கம்பிக்கு ஈரத்துணி. மோட்டார்சைக்கிளை வாரம் ஒரு முறை கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள். தோல்செருப்பையும் பட்டுப்புடவையையும் கடல் பார்த்த அறையில் வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்புக் காலத்தை எழுத்தில் கொடுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அது ஒப்பந்த மீறல். வீட்டுக்காரர் நியாயமானவராக இருந்தாலும் உங்கள் பக்கம் பிசகாகிவிடும். வாடகையைக் கட்டி முடித்து, பழைய காணொளியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு சேர்ந்து அறை அறையாகப் பாருங்கள். குளிர்சாதனச் சுத்த ரசீதுகளைக் கொடுங்கள். மீட்டர் எண்களை இருவரும் படம் எடுங்கள்.

நடுவில் தகராறு வந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். வாடகை பாக்கி இருந்தாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்றவோ பூட்டை மாற்றவோ வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. 1950-ஆம் ஆண்டின் தனிநிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு இதைச் சொல்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது பிரிவின் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வைப்புத்தொகை திரும்பாவிட்டால், முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுக்குப் போகலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே 198-ஆம் பாரத்தில் பதியலாம். மேலே சொன்ன கணக்கில் இரண்டு வைப்புத்தொகையும் சேர்ந்து 3,500 வெள்ளிதான், அந்த வரம்புக்குள் அடங்குகிறது. முத்திரையிட்ட ஒப்பந்தம், பணம் கட்டிய வங்கிச் சீட்டுகள், குடிவந்த நாள் காணொளி, காலி செய்த நாள் படங்கள், குளிர்சாதன ரசீதுகள், கெடு வைத்த கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, மூன்று நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.